கொழும்பில் சீபாப் மெஷின் வாங்குவது: காப்புறுதியில் எவ்வளவு, கைக்காசில் எவ்வளவு

குறட்டை, நித்திரையில் மூச்சு நின்று நின்று வருவது, காலையில் தலையிடி, பகலில் பஸ்ஸில் இருந்தபடியே கண் சொருகுவது என்று ஒரு டொக்டரைச் சனல் பண்ணிப் போனீர்கள். அவரும் "ஸ்லீப் அப்னியா போலத்தான் இருக்கிறது, சோதனை செய்து பார்த்து மெஷின் வாங்க வேண்டி வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நோயைப் பற்றி அவர் விளக்கியிருப்பார். காசு எங்கிருந்து வரும் என்பதை அந்தப் பத்து நிமிடத்தில் கேட்கவும் முடியாது, அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை.

ஊழியர்களின் மெடிக்கல் கிளெய்ம் ஃபைல்களைப் பார்ப்பது அலுவலகத்தில் என் வேலை. வீட்டில் என் கணவர் இந்த சீபாப் மெஷினோடுதான் படுக்கிறார்: முகத்தில் போடும் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, நித்திரையில் மூச்சுப்பாதை மூடாமல் வைத்திருக்கும் பெட்டி அது. என் கையால் போன ஃபைல்களை வைத்துச் சொல்வதானால், சோதனைக்குக் காப்புறுதியில் காசு எடுக்க வழி உண்டு. மெஷினுக்குக் கிடைப்பது அபூர்வம். மெஷினை வாங்கிவிட்டு பில்லோடு வருகிறவர்கள்தான் அதிகம் ஏமாந்து போகிறார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

முதலில் பொலிசியை வாசியுங்கள், சோதனைக்கு நாள் எடுப்பதற்கு முன்பே

உங்களிடம் இருப்பது எந்த வகைக் காப்புறுதி என்று பிரித்துப் பாருங்கள். கம்பனி கொடுக்கும் குழுக் காப்புறுதியா, அரச ஊழியர்களுக்கான அக்ரஹாரவா, அல்லது ஆயுள் காப்புறுதியோடு ஒட்டிக்கொண்டு வரும், வார்டில் தங்கும் நாளுக்கு இவ்வளவு என்று தரும் 'ஹாஸ்பிடல் கேஷ்' வகையா? மூன்றும் மூன்று விதமாகக் காசு தருகிறவை.

குழுக் காப்புறுதியில் வழக்கமாக இரண்டு எல்லைகள் இருக்கும். வார்டில் தங்கிச் செய்யும் சிகிச்சைக்கு இன்டோர் எல்லை, அது பெரியது. தங்காமல் செய்வதற்கு ஓபிடி எல்லை, அது சின்னது. கண்ணாடி, பல் எல்லாம் அதற்குள்தான் ஒரு மூலையில் இருக்கும். அரச ஊழியர் என்றால் அக்ரஹார தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் வருவது. உங்கள் சம்பளத்தில் எந்தத் திட்டத்துக்குக் கழிக்கிறார்கள் என்பதை அலுவலகக் கணக்குப் பிரிவில் கேளுங்கள். திட்டத்துக்குத் திட்டம் சலுகை வேறு, பக்கத்து மேசைக்காரருக்குக் கிடைத்தது உங்களுக்கும் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம்.

பொலிசிப் புத்தகத்தில் சலுகைப் பட்டியலை விட, பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் விலக்குகளைத்தான் வடிவாக வாசிக்க வேண்டும். மூன்று வாசகங்களைத் தேடுங்கள். ஒன்று, சோதனைக்காக மட்டும் வார்டில் அனுமதிக்கப்படுவது விலக்கு என்பது. இரண்டு, உடலுக்கு வெளியே பாவிக்கும் உபகரணங்கள் விலக்கு என்பது. காது மெஷின், சக்கர நாற்காலி என்று உதாரணம் போட்டிருப்பார்கள், சீபாப்பின் பெயர் இல்லாவிட்டாலும் அதைக் கொண்டுபோய் அங்கேதான் வைப்பார்கள். மூன்று, பொலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய் விலக்கு என்பது. பெரிய கம்பனிகளின் குழுக் காப்புறுதிகளில் இந்த மூன்றாவதைத் தளர்த்தி வைத்திருப்பதும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

ஹாஸ்பிடல் கேஷ் வைத்திருப்பவர்கள் மணித்தியாலக் கணக்கைப் பாருங்கள். ஸ்லீப் ஸ்டடிக்கு, அதாவது நித்திரையில் மூச்சைப் பதியும் அந்தச் சோதனைக்கு, இரவு எட்டு மணிக்குப் போய் காலை ஆறு மணிக்கு வெளியே வருவீர்கள், மொத்தம் பத்து மணித்தியாலம். 24 மணித்தியாலம் தங்கினால்தான் ஒரு நாள் என்று பொலிசி சொன்னால் அந்த இரவுக்கு ஒரு சதமும் வராது.

வாசித்தும் விளங்கவில்லையா? பெரும்பாலும் விளங்காதுதான், விளங்கக்கூடாது என்றே எழுதினார்களோ என்று எனக்குச் சந்தேகம். அப்போது காப்புறுதிக் கம்பனிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தொலைபேசியில் கேட்க வேண்டாம். "ஓம், கிடைக்கும்" என்று சொன்ன பிள்ளையை அடுத்த மாதம் தேடிப் பிடிக்க முடியாது. மின்னஞ்சல் இவ்வளவு போதும்:

"எனக்கு நித்திரையில் மூச்சுத்தடை இருக்கலாம் என்று வைத்தியர் கருதுகிறார். (1) ஓர் இரவு வைத்தியசாலையில் தங்கிச் செய்யும் ஸ்லீப் ஸ்டடி எந்த எல்லையின் கீழ் வரும்? முன் அனுமதி வேண்டுமா? (2) அதே சோதனையை வீட்டில் செய்தால் எந்த எல்லை? (3) சீபாப் மெஷினும் மாஸ்க்கும் ஏதாவது ஒரு பிரிவில் வருமா? வராது என்றால் பொலிசியின் எந்த வாசகத்தின்படி வராது? தயவுசெய்து எழுத்தில் அறியத் தரவும்."

மூன்றாவது கேள்வியின் கடைசி வரிதான் முக்கியம். வாசகத்தைக் காட்டச் சொன்னால் யோசித்துத்தான் பதில் போடுவார்கள்.

அந்த ஓர் இரவு

சோதனை இரண்டு வகை. வைத்தியசாலை அறையில் தலையில், நெஞ்சில், காலில் வயர் ஒட்டி, மூளை அலையோடு சேர்த்துப் பதிவது முழுச் சோதனை. வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவது சின்னப் பெட்டி: நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டி, விரலில் ஒரு கிளிப், மூக்கடியில் ஒரு மெல்லிய குழாய். வீட்டுச் சோதனை மலிவு, ஆனால் வார்டில் தங்காததால் ஓபிடி எல்லைக்குள் போய்விடும். அந்த எல்லை உங்களுக்கு ஏற்கெனவே முடிந்திருந்தால் மலிவுச் சோதனைக்கு முழுக் காசையும் நீங்கள் கட்டுவீர்கள், விலை கூடிய சோதனைக்குக் காப்புறுதி கட்டியிருக்கும். இதனால்தான் பொலிசியை முதலில் வாசிக்கச் சொன்னேன். வீட்டுச் சோதனையில் இன்னொரு சிக்கல்: நீங்கள் உண்மையில் எவ்வளவு நேரம் நித்திரை கொண்டீர்கள் என்பது அதற்குச் சரியாகத் தெரியாது. அதனால் நோயைக் குறைத்துக் காட்டலாம். அறிகுறி பலமாக இருந்தும் முடிவு 'ஒன்றுமில்லை' என்று வந்தால் முழுச் சோதனையை டொக்டர் கேட்பார், அதற்கும் காசை ஒதுக்கி வையுங்கள்.

கொழும்பின் பெரிய தனியார் வைத்தியசாலைகளில் இந்தச் சோதனை செய்யலாம். காசு கையில் இல்லை என்றால் அரச வழியைக் குறைத்து மதிக்காதீர்கள். தேசிய வைத்தியசாலையின் சுவாச நோய்க் கிளினிக், வெலிசறையில் உள்ள சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலை ஆகிய இடங்களுக்கு உங்கள் டொக்டரின் கடிதத்தோடு போகலாம். நாள் கிடைக்கக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்குக் கொண்டுபோக மெஷின் தருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அரச விசேட வைத்திய நிபுணரின் ரிப்போர்ட்டுக்கு எந்தக் காப்புறுதி மேசையிலும் மதிப்பு உண்டு.

முழுச் சோதனை செய்வதானால் டொக்டரிடம் ஒன்று கேளுங்கள்: முன்னிரவில் நோயை அளந்து, பின்னிரவில் மாஸ்க் போட்டு எவ்வளவு அழுத்தம் தேவை என்பதையும் அதே இரவில் பார்க்க முடியுமா? நோய் கடுமையாக இருந்தால் பல இடங்களில் செய்வார்கள். இன்னொரு இரவுக்கான கட்டணம் மிஞ்சும்.

காலையில் வரும்போது ஒரு பக்கச் சுருக்கத்தோடு வராதீர்கள். முழு ரிப்போர்ட்டும் உங்களுக்கு வேண்டும். அதில் ஏஎச்ஐ என்று ஓர் எண் இருக்கும்: ஒரு மணித்தியாலத்தில் எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. கிளெய்ம் மேசையில் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

பிள்ளைகளுக்கு என்றால் கதை வேறு. டொன்சிலும் மூக்கின் பின்னால் உள்ள சதையும் வீங்கி மூச்சை மறிப்பதே பிள்ளைகளில் வழக்கமான காரணம், சத்திரசிகிச்சைதான் பெரும்பாலும் முதல் வைத்தியம். அது இன்டோர் எல்லைக்குள் நேரடியாக வரும். மெஷின் விலை கேட்டு அலைவதற்கு முன் காது மூக்கு தொண்டை நிபுணரைப் பாருங்கள்.

டொக்டரின் கடிதம், பில், கிளெய்ம்

"இவருக்கு சீபாப் தேவை" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் அந்த ஃபைல் திரும்பி வரும். கடிதத்தில் நோயின் பெயர், ஏஎச்ஐ எண், இரவில் ஒட்சிசன் எவ்வளவு குறைந்தது, பிரஷர், சீனி, இதய நோய் இருந்தால் அவையும், மெஷினின் வகை, அழுத்தம், எவ்வளவு காலத்துக்கு என்பது, இது மருத்துவ ரீதியில் அவசியம் என்ற வசனம் எல்லாம் இருக்க வேண்டும். டொக்டருக்கு நேரம் இருக்காது. இந்தப் பட்டியலை ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போய் மேசையில் வையுங்கள், கோபிக்க மாட்டார்கள்.

மெஷின் விற்பவரிடம் முதலில் விலைக்கோரலும், வாங்கிய பின் முறையான இன்வொய்ஸும் எடுங்கள். நோயாளியின் பெயர், மாடல், சீரியல் இலக்கம், விற்பவரின் வியாபாரப் பதிவு இலக்கம் எல்லாம் அதில் வேண்டும். மாஸ்க், குழாய், ஃபில்டர் ஆகியவற்றை வேறு வரிகளில் போடச் சொல்லுங்கள். மெஷினை மறுக்கும் சில பொலிசிகள் அடிக்கடி மாற்ற வேண்டிய பொருட்களை ஓபிடியில் ஏற்பதுண்டு. மூலப் பிரதியைக் கொடுக்கும் முன் போட்டோ எடுத்து வையுங்கள். மெஷின் காசை வார்டு பில்லுக்குள் 'சேர்த்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கம் போகாதீர்கள். பிடிபட்டால் கிளெய்மோடு வேலையும் போகும்.

இன்னொன்று. இந்த நோய் உறுதியான பிறகு புதிதாக ஆயுள் காப்புறுதியோ மருத்துவக் காப்புறுதியோ எடுப்பதானால் விண்ணப்பத்தில் கட்டாயம் எழுதுங்கள். "அதெல்லாம் போட வேண்டாம் அக்கா, பிரீமியம் கூடும்" என்று ஏஜென்ட் சொல்வார். நாளைக்கு கிளெய்ம் நிராகரிக்கப்படும்போது அவர் வேறு கம்பனியில் இருப்பார்.

மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பிறகு அதே கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு டொக்டரின் இன்னொரு கடிதத்தோடு மேன்முறையீடு செய்யுங்கள். அங்கும் சரிவராவிட்டால் இப்படியான பிணக்குகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவுக்கும் முறைப்பாடு செய்யலாம். ஆனால் பொலிசியில் 'உபகரணம் விலக்கு' என்று தெளிவாக இருந்தால் இந்த அலைச்சல் வேண்டாம். சோதனைக் காசை மறுத்திருந்தால், அது போராடத் தகுந்த விடயம்.

கைக்காசில் வாங்கும்போது

இங்கே எல்லாரும் மெஷினைத்தான் பார்க்கிறார்கள், நான் மாஸ்க்கைப் பார்க்கச் சொல்வேன். மூக்குத் துவாரத்தில் மட்டும் இருப்பது, மூக்கை மூடுவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது என்று மூன்று வகை. கடையில் கதிரையில் நிமிர்ந்து இருந்து போட்டுப் பார்த்தால் எல்லாமே பொருந்தும். படுக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு எழுதிய அழுத்தத்தில் மெஷினை ஓடவிட்டு, வழக்கமாகப் படுக்கும் பக்கம் சரிந்து ஐந்து நிமிடம் இருங்கள். கண் ஓரத்தில் காற்று சீறினால் அந்த அளவு உங்களுக்கு இல்லை. மீசைக்கும் தாடிக்கும் மேலால் காற்று கசியும், என் கணவர் மீசையை ஒட்ட வெட்டியது இதனால்தான். படுத்துப் பார்க்க இடமில்லை என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

முடிந்தால் முதல் மாதம் மெஷினை வாடகைக்கு எடுங்கள். வாடகைக்குக் கொடுக்கிறவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். பிறகு வாங்கினால் வாடகையை விலையில் கழிப்பார்களா என்று முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். நாலு இரவு போட்டுவிட்டு அலுமாரியில் வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

மெஷினில் நிலையான அழுத்தம் உள்ளது, தானாகக் கூட்டிக் குறைக்கும் ஓட்டோ வகை, மூச்சை இழுக்க ஒன்று விட ஒன்று என இரண்டு அழுத்தம் உள்ள பைபாப் என்று உண்டு. கடைசியானது விலை கூடியது, டொக்டர் எழுதினால் மட்டும். இதய பலவீனம், நாள்பட்ட நுரையீரல் நோய் போன்றவை இல்லாத பலருக்கு ஓட்டோ போதும். அழுத்தம் கண்டுபிடிக்க இன்னோர் இரவு ஆஸ்பத்திரிக்குப் போகும் செலவும் மிஞ்சலாம். தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவான பொருளா, திருத்த வேலை கொழும்பிலேயே நடக்குமா, திருத்தும் நாட்களில் மாற்று மெஷின் தருவார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு 'ஓம்' என்பவருக்கு கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை.

எதைக் குறைக்கலாம்? சூடாக்கும் குழாயைக் குறைக்கலாம். கொழும்புக் காற்றில் ஈரம் தாராளம். மின்விசிறியோடு படுக்கிறவர்களில் பலருக்கு ஈரப்பதமூட்டியே குறைந்த அளவில் போதும். ஏசி போட்டுப் படுத்தால் மட்டும் குழாய்க்குள் தண்ணீர் கோர்த்து முகத்தில் சொட்டும், அப்போது சூடாக்கும் குழாயை யோசிக்கலாம். மாஸ்க்கின் சிலிக்கன் பகுதி, ஃபில்டர், குழாய் ஆகியவை மாறி மாறி வரும் செலவு. அவற்றின் விலையையும் மெஷின் வாங்கும் அன்றே கேட்டு ஒரு வருடக் கணக்குப் போட்டுப் பாருங்கள், மெஷின் மலிவு, மாஸ்க் யானை விலை என்ற கம்பனிகள் அப்போது வெளியே தெரியும்.

டொலர் ஏறினால் இதன் விலையும் ஏறும். 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360 வரை போனதை மறந்திருக்க மாட்டீர்கள்; அதனால் விலைக்கோரல்களுக்கு ஆயுள் குறைவு, எந்தத் திகதி வரை என்று பாருங்கள். கிரெடிட் கார்டில் வட்டியில்லாத் தவணை என்றால் கையாளும் கட்டணம் எவ்வளவு, கார்டுக்கு ஒரு விலை காசுக்கு ஒரு விலையா என்று கேளுங்கள். நகையை அடகு வைப்பதானால், வட்டியையும் கூட்டித்தான் மெஷின் விலை.

வெளிநாட்டுச் சொந்தமும் பழைய மெஷினும்

"லண்டனில் இது சும்மா தருகிறார்கள்" என்று சித்தப்பா சொல்வார். உண்மை, ஆனால் அங்கே தேசிய சுகாதார சேவை அதை இரவலாகத்தான் தருகிறது, கொழும்புக்கு அனுப்ப அது அவருடையதல்ல. ஒன்ராறியோவில் மாகாண அரசு அங்கீகரித்த விலையில் 75 வீதத்தைக் கட்டுகிறது, அதுவும் அங்கே சுகாதார அட்டை உள்ளவருக்குத்தான். அமெரிக்காவில் மெடிகெயார் என்ற அரச காப்புறுதி முதல் மூன்று மாதத்துக்குள், தொடர்ந்து வரும் 30 நாளில் 70 வீத இரவுகளில் நாலு மணித்தியாலமாவது நோயாளி மெஷினைப் போட்டாரா என்று பார்த்துத்தான் தொடர்ந்து காசு கட்டும். இணையத்தில் வாசிக்கும் ஆலோசனைகளில் பாதி இந்த விதிகளைச் சுற்றியே வரும், நமக்கு அவை பொருந்தாது.

அவர்கள் புதிதாகக் காசு கொடுத்து வாங்கி அனுப்பினால் நல்லதே. பவர் பெட்டியின் அடியில் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். உத்தரவாதம் இங்கே செல்லுமா, அதே மாஸ்க்கின் பாகம் இங்கே கிடைக்குமா என்பவைதான் பிரச்சினை. கொண்டுவருபவர் கைப்பையில், டொக்டரின் கடிதத்தோடு கொண்டுவரட்டும்.

பழைய மெஷின் வாங்குவதானால் முதலில் கேட்க வேண்டியது பிலிப்ஸ் ட்ரீம்ஸ்டேஷன் முதல் தலைமுறையா என்பது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப் பஞ்சு உதிர்ந்து மூச்சோடு போகக்கூடும் என்று 2021 ஜூனில் அந்தக் கம்பனியே அவற்றைத் திருப்பி அழைத்தது. திருத்திக் கொடுத்ததற்கு ஆதாரம் இல்லாவிட்டால் சும்மா தந்தாலும் வேண்டாம். மற்ற மெஷின்களில் மொத்தம் ஓடிய மணித்தியாலத்தைப் பாருங்கள், பல மாடல்களில் மெனுவிலேயே இருக்கும். ஓர் இரவுக்கு எட்டு மணித்தியாலம் என்று பார்த்தால் வருடத்துக்கு மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. 15,000 காட்டினால் அது ஐந்து வருடம் உழைத்த மோட்டார். சிகரெட் மணம் வந்தால் விட்டுவிடுங்கள். மாஸ்க், குழாய், தண்ணீர்க் கிண்ணம் மூன்றையும் புதிதாக வாங்குங்கள். அழுத்தத்தை உங்கள் டொக்டர் சொன்ன அளவுக்கு மாற்றாமல் ஓர் இரவும் போட வேண்டாம்.

கரண்ட் போனால்

2022இல் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனது. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறைத் துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருட்டாகியது. ஒரு குரங்குக்காக பற்றரி வாங்குவதா என்று கேட்கலாம். கடுமையான நோயுள்ளவருக்கு நான் வாங்கத்தான் சொல்வேன், ஆனால் மெஷினோடு சேர்த்து அன்றே வாங்க வேண்டிய அவசியமில்லை. ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10, 11 போன்றவை 24 வோல்ட்டில் ஓடுபவை, கார் பற்றரியில் நேரடியாகப் போட முடியாது, அதற்கென்ற மாற்றி வேண்டும். ஈரப்பதமூட்டியை நிறுத்தினால் மின்சாரம் பல மடங்கு குறையும், அதனால் சின்னப் பற்றரியே ஓர் இரவுக்குப் போதுமாகலாம். மெஷினின் மாடலைச் சொல்லிக் கணக்குப் பார்த்து வாங்குங்கள்.

முதல் மாதம் முடிந்ததும், அப்புறம் வருடா வருடம்

இங்கே நீங்கள் போடுகிறீர்களா என்று யாரும் கண்காணிப்பதில்லை. மெஷினின் உள்ளே இருக்கும் சின்ன எஸ்டி கார்டில் ஒவ்வோர் இரவின் கணக்கும் இருக்கும். அதை ஒரு மாதத்தில் டொக்டரிடம் கொண்டுபோங்கள். மெஷினோடு ஏஎச்ஐ 5க்குக் கீழே வந்திருக்க வேண்டும், கசிவு குறைவாக இருக்க வேண்டும். இல்லை என்றால் மாஸ்க்கை மாற்றித் தரும்படி கடையில் கேட்க உத்தரவாதக் காலத்துக்குள் இதுதான் நேரம். கார்டின் ஒரு மாத அறிக்கையை அச்சடித்துக் கிளெய்ம் ஃபைலிலும் போட்டு வையுங்கள். மாஸ்க் பாகங்களுக்கு அடுத்த வருடம் ஓபிடியில் கேட்கும்போது, நோயாளி உண்மையில் பாவிக்கிறார் என்பதற்கு அதை விடச் சாட்சி இல்லை.

குழுக் காப்புறுதி வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும். புதுப்பிக்க இரண்டு மூன்று மாதம் முன்பு எச்ஆர் பிரிவு காப்புறுதிக் கம்பனிகளிடம் விலை கேட்கும். கண்ணாடிக்கு ஓர் உள் எல்லை இருப்பது போல வீட்டில் பாவிக்கும் மருத்துவ உபகரணங்களுக்கும் ஒன்று சேர்த்தால் பிரீமியம் எவ்வளவு கூடும் என்று அந்த விலைக்கோரலிலேயே கேட்கச் சொல்லுங்கள். ஒருவர் கேட்டால் கவனிக்க மாட்டார்கள். உங்கள் அலுவலகத்தில் சீபாப், காது மெஷின், ஒட்சிசன் என்று ஏதாவது ஒன்றுக்குக் கைக்காசு கட்டியவர்களைத் தேடுங்கள். பெயர் எல்லாரும் போட விரும்பமாட்டார்கள், நாலைந்து பேர் கையெழுத்திட்டாலே எச்ஆரில் அது ஒரு ஃபைல் ஆகிவிடும்.